முந்திச் சொன்ன சாட்சி

எர்ணாவூர் தேவப்பிரியத்துக்கு மனசில் ஒன்று வந்தால் அது வாய்க்கு வர நேரம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர், "சாட்சி சொல்ல விரும்புறவங்க வரலாம்" என்று வாயெடுப்பார். மைக் முன்னால் முதலில் போய் நிற்பவள் அவள்தான். ஒன்பது நாளாக வராத தண்ணி லாரி வந்தால் சாட்சி. புயல் வெள்ளம் வீட்டு வாசலில் இரண்டாவது படியோடு நின்றால் சாட்சி. கண்டெய்னர் யார்டு கேன்டீனில் அவள் சாம்பார் வைக்கும் அடுப்பு குப்பென்று பிடித்து, நல்லவேளையாக அணைந்தால் அதற்கும் ஒரு சாட்சி. பின்வரிசையில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவள் கண்டுகொள்ள மாட்டாள். கர்த்தர் பெரியவர், அதைச் சொல்லாமல் எப்படி இருப்பது என்பது அவள் கட்சி.

புருஷன் ராமதாஸ் சபைக்கு வருகிறவன் அல்ல. ஹார்பருக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன். வண்டியில் முருகன் படம், ஆடி மாசம் தெருவில் கூழ் ஊற்றும் கூட்டத்தில் முதல் ஆள். இருபத்தாறு வருஷமாக அவளை ஞாயிறு காலையில் சபை வாசலில் இறக்கிவிட்டுப் போவான், உள்ளே வந்ததில்லை. இதில் இரண்டு பேருக்கும் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

வம்பு அவன் கண்ணில் வந்தது. பல வருஷமாகச் சர்க்கரை. இடது கண் மங்கிக்கொண்டே வந்ததில் டிரெய்லர் ஓட்டுவதை விட்டுவிட்டு வீட்டில் இருந்தான். பாஸ்டர் வீட்டுக்கு வந்து, அவன் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அவன் சுவரைப் பார்த்துவிட்டு, "இன்னிக்குக் கொஞ்சம் தெளிவா கீது மே" என்றான். அவ்வளவுதான். அந்த ஞாயிறே தேவப்பிரியம் மைக்கைப் பிடித்தாள். "எங்க வூட்டுக்காரருக்குப் பார்வை முழுசா வந்துடுச்சி!" என்றாள். சபை எழுந்து நின்று கைதட்டியது. யாரோ செல்போனில் பிடித்த வீடியோ வாட்ஸப்பில் மீஞ்சூர் வரை போனது.

புதன்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். "இடது கண்ல போன பார்வை இனிமே வராதும்மா" என்றார் டாக்டர். "வலது கண்ணும் அதே வழியிலதான் போய்க்கிட்டிருக்கு. உடனே ஊசி போட ஆரம்பிச்சா காப்பாத்தலாம். தள்ளிப்போடாதீங்க." அடுத்த செவ்வாய்க்கு நாள் குறித்துச் சீட்டு கொடுத்தார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது அவளுக்கு முதலில் வந்த நினைப்பு புருஷனின் கண்ணைப் பற்றியதல்ல. 'ஐயோ, கர்த்தர் பேரைக் கெடுத்துட்டேனே' என்பதுதான். இதை நினைத்து அவள் பின்னால் எத்தனையோ முறை வெட்கப்பட்டிருக்கிறாள்.

சபையில் அவளோடு ஒரே பாயில் உட்காரும் சிலுவையம்மாள் அந்த ஆஸ்பத்திரியில்தான் ஆயா வேலை பார்க்கிறாள். ஊசிக்குப் போனால் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் சபைக்கே தெரியும். போதாக்குறைக்கு, இரண்டு வாரத்தில் ராயபுரத்தில் பெரிய கூட்டம். பல சபைகள் சேர்ந்து நடத்துவது. அங்கே வந்து இந்தச் சாட்சியைச் சொல்லச் சொல்லி தேவப்பிரியத்தின் பெயரை நோட்டீஸிலேயே போட்டுவிட்டார்கள்.

"கூட்டம் முடியட்டும்யா. அப்பால ஊசி போட்டுக்கலாம்" என்றாள். அவன் தலையாட்டினான். செவ்வாய்க்கிழமை வந்தது, போனது.

கூட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை சிலுவையம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். தேவப்பிரியம் புருஷனுக்கு ஏற்கெனவே ஒத்திகை கொடுத்து வைத்திருந்தாள். ராமதாஸ் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னா அண்ணே, கண்ணு எப்டி கீது?"

"சோக்கா கீது" என்றான் அவன். அதோடு விட்டிருக்கலாம். கெட்டிக்காரத்தனம் காட்ட, ஃபிளாஸ்க்கை எடுத்து விருந்தாளிக்குத் தானே டீ ஊற்றினான். டம்ளர் ஒரு பக்கம், டீ ஒரு பக்கம். சூடான டீ பாயில் ஓடி சிலுவையம்மாளின் புடவையை நனைத்தது. "அவருக்குக் கைநடுக்கம்" என்று தேவப்பிரியம் சிரித்துக்கொண்டே துடைத்தாள். சிலுவையம்மாள் அவன் கண்ணையே ஒரு தரம் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

"கெடுத்துட்டனா?" என்றான் ராமதாஸ். நிஜமாகவே அவனுக்கு வருத்தம். "மே, கோச்சிக்காத. இந்தக் கண்ணும் ரெண்டு நாளா பொகை மாதிரி கீது. உங்கிட்ட சொல்லல" என்றான். பிறகு, "உங்க சாமி ரொம்பப் பெரியவருன்னு சொல்லிக்கினே இருப்பியே. என்னை மாதிரி ஒரு டிரைவரு பொய் சொல்லித்தான் அவரு மானத்தைக் காப்பாத்தணுமா?" என்று கேட்டான்.

குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். தேவப்பிரியம் நனைந்த பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஞாயிறு காலை இருவரும் ஷேர் ஆட்டோவில் ராயபுரம் கிளம்பினார்கள். "நானும் மேடைக்கு வரேன். இன்னா சொல்லணுமோ சொல்லு, சொல்லிடறேன்" என்றான் அவன். எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர்கள் வரிசைகட்டி நின்றன. இடது ஓரத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த ராமதாஸால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

"கடல் வாசனை வருது. கடலு வந்துடுச்சா?"

"ஒம் பக்கத்துலயே கீதுய்யா."

"எனக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி கீது" என்று அவன் சிரித்தான்.

அவள் அவனைத் தாண்டிப் பார்த்தாள். கற்களில் அலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் கப்பல்கள் பொட்டுப் பொட்டாகக் காத்துக்கிடந்தன. இவன் பார்க்கவில்லை என்று அந்தக் கடலில் ஒரு சொட்டும் குறையவில்லை. கண் வந்துவிட்டது என்று இவள் மைக்கில் கத்தியதால் கர்த்தர் ஒரு சாண் வளரவும் இல்லை. வரவில்லை என்று சொன்னால் இளைக்கப் போவதும் இல்லை. வானத்தையும் பூமியையும் உண்டாக்கியவரை இத்தனை நாளும் நோஞ்சான் பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்து, யார் கண்ணும் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டு அலைந்திருக்கிறாள். அதற்காக ஒரு மனுஷனின் மிச்சக் கண்ணையும் பணயம் வைத்திருக்கிறாள். அவளுக்கு அழுகை வந்தது. ஆட்டோவில் எல்லார் முன்னாலும் அழுதாள்.

மேடைக்கு அவள் தனியாகத்தான் போனாள். மைக்கைப் பிடித்தாள்.

"எங்க வூட்டுக்காரருக்கு ஒரு கண்ணு போயிடுச்சி. வரல. வந்துடுச்சின்னு நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். அப்புறம் அதை மறைக்க ஊசி போடாம வுட்டுட்டேன். என்னை மன்னிச்சிருங்க. கண்ணு வந்தாத்தான் அவரு பெரியவருன்னு நெனச்சிக்கினு இருந்தேன். வரலன்னாலும் அவரு பெரியவருதான். இதான் என் சாட்சி."

ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. பாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஜெபிப்போம்" என்றார்.

கூட்டம் முடிந்து செருப்பைத் தேடும்போது சிலுவையம்மாள் வந்து அவள் கையைப் பிடித்தாள். "போன வருஷம் என் முட்டி வலி போயிடுச்சின்னு சாட்சி சொன்னேனே, ஞாபகம் கீதா? அது ஒருநாள்தான் போச்சி. இன்னும் மாத்திரை முழுங்கிக்கினுதான் கீறேன்" என்று காதோடு சொன்னாள். பிறகு சாதாரணக் குரலில், "நாளைக்கு எட்டு மணிக்கு அண்ணனைக் கூட்டிக்கினு வந்துடு. நான் டோக்கன் போட்டு வைக்கிறேன்" என்றாள்.

திரும்பும்போதும் ஷேர் ஆட்டோதான். இந்த முறை வலது ஓரத்தில் ராமதாஸ். வடக்கே போகிற வண்டிக்குக் கடல் வலது பக்கம். காசிமேடு தாண்டியதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மே, கடலு!" என்றான். "எம்மாம் பெருசா கீது!"

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.