இலை படிக்கிற மேனேஜர்

பந்தி கலைந்ததும் காஸ்பர் கோட்டுக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போகிறார். சாப்பிட்ட இலைகள் அங்கே தகரத் தொட்டியில் கிடக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்து, மடிப்பைப் பிரித்து, மிஞ்சியதைக் குனிந்து பார்த்துவிட்டு மறுபடி போடுகிறார். தோட்டிக்கு இதில் என்ன ரசனை என்று நினைத்துவிடாதீர்கள். பனகல் பார்க்குக்குப் பின்னால் உள்ள ஸ்ரீரங்கன் சாப்பாட்டு ஹோட்டலின் மேனேஜரே அவர்தான். இலை பார்த்து முடிந்ததும் சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவுகிறார்.

என் இலையையும் பார்த்திருக்கிறார். ஒரு நாள் அருகே வந்து, "இன்னா சார், மூணு நாளா சேனை அப்டியே கீது? நாளைலேர்ந்து உங்களுக்கு வேற வெக்கச் சொல்றேன்" என்றார். நான் சேனைக்கு விரோதி என்பது என்னைப் பெற்றவளுக்கே தெரியாத சங்கதி. கூச்சத்தில் அன்றைக்குச் சேனையைத் தின்று தொலைத்தேன்.

காஸ்பர் சாந்தோம்காரர். மாதா கோயில் மணி கேட்டு எழுந்து, பூசை பார்த்துவிட்டு, சைக்கிளில் தியாகராய நகர் வருகிறார். இருபத்திரண்டு வருஷம் ஒரு வெள்ளைக்கார ஹோட்டலில் பட்லர். தட்டு திரும்பி வரும்போதே அதைப் பார்த்து துரைக்கு எதில் குறை என்று சொல்லிவிட வேண்டும். அங்கே அதுதான் பாடம். போன வருஷம் துரைகள் கப்பல் ஏறினார்கள், ஹோட்டலும் கதவைச் சாத்தியது. நாற்பத்தெட்டு வயதில், கல்யாணத்துக்கு நிற்கிற இரண்டு பெண்களோடு, காஸ்பர் வேலை தேடிப் புறப்பட்டார்.

முதலாளி ஸ்ரீரங்கன் அவரைச் சேர்த்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. "சமையல்கட்டு உம்ம பேச்சைக் கேட்கணும், காஸ்பர். தீபாவளிக்குள்ள அது நடக்கலேன்னா நான் வேற ஆள் பார்த்துக்கறேன்."

அந்தச் சமையல்கட்டுக்கு ராஜா, தலைமைச் சமையல்காரர் நல்லசிவம். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், விபூதிப் பட்டையும் பெரிய மீசையுமாக இருப்பார். வந்த முதல் நாளே காஸ்பர் பழைய வழக்கப்படி எச்சில் இலையைக் கையால் பிரித்ததை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். வேறு வினையே வேண்டாம். வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டு, "எச்சி இலையைத் தொட்ட கையோட எனக்கு உத்தரவு போட வந்துட்டீரோ? இந்தப் படி தாண்டப்பிடாது வே, சொல்லிட்டேன்" என்றார். பாவம், காஸ்பருக்குச் செய்த தப்பே அப்போதுதான் புரிந்தது. ஆனால் அதற்காக இலை பார்ப்பதை நிறுத்தவில்லை. தெரிந்த ஒரே வித்தையை விட்டுவிட்டு மனிதர் எங்கே போவார்?

படிக்கு வெளியே நின்றபடியே தொழில் பழகினார். மூலை மேஜை இலைகளில் எப்போதும் சோறு மிஞ்சியது. அங்கே பரிமாறுகிறவர் சோற்றைக் கொட்டிவிட்டு ரசத்தை ஆற அமரக் கொண்டுவந்தார். காஸ்பர் ஆளை மாற்றினார், சோறு மிஞ்சுவது நின்றது. "அங்க தட்டைப் படிச்சா போதும் சார். இங்க ஆளுங்களையும் படிக்கணும். கத்துக்கினு கீறேன்" என்று என்னிடம் சொல்வார். ஒரு தடவை வந்தவர் மறு தடவையும் வந்தார். சமையல்கட்டு மட்டும் மசியவில்லை. அவர் ஒன்று சொன்னால் உள்ளே பாத்திரம் உருளும் சத்தம்தான் பதில்.

ஆவணியில் நல்லசிவத்துக்கு விஷ ஜுரம் கண்டது. பத்து நாள் கிடந்து எழுந்து வந்தார். அதற்குப் பிறகு இலைகள் வேறு கதை சொல்லின. தயிர் சாதம் காலி, அப்பளம் காலி. சாம்பார் சாதம் பிசைந்தபடி அப்படியே கிடந்தது. ஒரு நாள் உப்புக் கரித்தது, மறுநாள் உப்பே இல்லை. ஒரு காலை பால் அடிப்பிடித்துத் தெருவரை நாறியபோது, அடுப்படியில் எல்லோரும் மூக்கைச் சுளித்தார்கள். பால் பக்கத்திலேயே நின்ற நல்லசிவம் மட்டும் நிம்மதியாகக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். படியில் நின்ற காஸ்பருக்கு அப்போது விளங்கிவிட்டது. ஜுரம் அந்த மனிதரின் மூக்கையும் நாக்கையும் கொண்டுபோயிருந்தது.

வாடிக்கைக்காரர்கள் முதலாளியிடம் போனார்கள். தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஸ்ரீரங்கன் காஸ்பரைக் கல்லாவுக்கு அழைத்து, "யார் தப்பு? நல்லசிவம்னா இன்னிக்கே கணக்கை முடிச்சு அனுப்பிடறேன்" என்றார். நான் காபியோடு பக்கத்து மேஜையில் இருந்தேன். நானாயிருந்தால் சொல்லியிருப்பேன். ஐந்து மாத அவமானத்துக்குப் பழி தீர்க்க இதைவிட நல்ல சமயம் வராது.

"என் தப்புதாங்க" என்றார் காஸ்பர். "உப்புக்கு அளவு வெக்காம வுட்டது மேனேஜர் தப்பு. நாளைலேர்ந்து கரண்டி அளவு போட்டுக் குடுக்கறேன்."

"அப்போ உம்மை அனுப்பணும்."

"ஒரு வாரம் பாருங்க. சரிப்படலேன்னா நானே போயிடறேன்."

கல்லாவுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். உள்ளே பாத்திரம் எதுவும் உருளவில்லை.

அன்றிரவு எனக்குக் காஸ்பரின் அந்த இரண்டு பெண்களின் நினைவாகவே இருந்தது. மறுநாள் பத்தரை மணிக்கே போய் உட்கார்ந்தேன். பசி ஒன்றுமில்லை, காஸ்பரின் கதி தெரிய வேண்டும். முதல் பந்திக்கு இலை போடும் நேரத்தில் நல்லசிவம் ஒரு டம்ளரில் ரசத்தோடு படி இறங்கி வந்தார். பரிமாறுகிறவர்கள் வாளியும் கையுமாக நின்றுவிட்டார்கள். நேரே காஸ்பர் முன்னால் வந்து டம்ளரை நீட்டினார்.

"குடிச்சுப் பாத்துச் சொல்லும். எனக்கு நாக்குல ஒண்ணும் தெரியமாட்டேங்கு."

இத்தனை பேர் காதுபட அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். காஸ்பர் டம்ளரை வாங்கினார். அண்ணாந்து குடித்திருக்க வேண்டியவர் பதற்றத்தில் டம்ளரில் வாயை வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் உறைத்தது. முகம் செத்துப்போய், டம்ளரைத் திருப்பிக் கொடுப்பதா, கழுவித் தருவதா என்று தெரியாமல் விழித்தார்.

"இன்னும் அரைக் கரண்டி போடலாம், அண்ணாச்சி" என்றார் மெல்ல.

நல்லசிவம் அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கினார். அடியில் பாதி ரசம் இருந்தது. அதே விளிம்பில் வாயை வைத்து அதைக் குடித்துவிட்டு, உப்புப் போட உள்ளே போனார்.