திரையைத் தட்டுகிறவர்

பத்தாம் வகுப்போடு நின்ற நான் இன்னொரு மனிதரைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரைவிட்டு வந்து நான் குடியிருக்கும் பியர்பொன்ட்ஸிலிருந்து தினமும் என்னைத் தன் காரில் வேலைக்கு ஏற்றிச் செல்பவர் அவர். மெலிந்தவர், கழுத்துவரை பொத்தான் பூட்டிய சேர்ட். ஒரு ஞாயிறு தன் வீட்டு பேஸ்மென்டுக்கு அழைத்தார். கணினித் திரையில் பழைய போர் விமானம் ஒன்றை ஓட்டும் விளையாட்டு. வட்ட வட்டமாக மானிகள். ஒவ்வொன்றையும் வாசிக்குமுன் திரையை நகத்தால் இரண்டு தரம் தட்டினார், உண்மையான கண்ணாடியைத் தட்டுவதுபோல.

"இது உயரம், அண்ணை. இது வேகம். இப்ப கீழ பதியிறன், பாருங்கோ."

விமானம் இரைந்துகொண்டு கீழே பாய்ந்தது. ஊரில் எங்கள் மேல் குண்டு போட வந்தவற்றின் அதே இரைச்சல். எனக்குக் கோபம் ஏறியது.

"கீழ ஆக்கள் இருக்கினம் எண்டு காட்டுற முள் எது?"

"அப்பிடி ஒண்டும் இல்லை." மறுபடி தட்டினார். "நானும் குண்டுக்குப் பயந்து பங்கர் குழிக்குள்ள கிடந்தவன்தான், அண்ணை. ஒருக்கா மேல இருந்து பார்க்கவேணும் போல இருந்தது."

பார்த்து என்னத்தைக் கண்டனீர் என்று கத்தியிருக்க வேண்டும். அதற்குப் பதில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அது அவர் மீதுதானா என்றும் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை அவர் வழக்கம்போல வந்து ஹோர்ன் அடித்ததாக மனைவி சொன்னாள். நான் அதற்கு முன்பே பஸ்ஸில் போய்விட்டேன்.