தபீதாளுக்குச் சொன்ன சவாரி

2011 ஜூன் 14, காலை பத்தரை மணி. கிழக்குத் தாம்பரத்தில் ஆட்டோக்களுக்கு சீட் கவர் தைத்துக்கொண்டிருந்த தபீதாளின் முன்னால், ஜாய்சன் என்ற இளம் பொறியாளர் கனத்த ரப்பர் துணியொன்றை விரித்தார். தண்ணீரிலும் தரையிலும் காற்றின் மேல் மிதந்து செல்லும் ஹோவர்கிராஃப்ட் கட்டுவதாகவும், காற்று வெளியேறாமல் அதைச் சுற்றி விளிம்பு தைக்கவேண்டும் என்றும் சொன்னார்.

“இது ஓடுமா, பறக்குமா சார்?”

“ரெண்டுங்கெட்டான்க்கா! தைச்சுக் குடுங்க, முட்டுக்காட்டுல ஃபர்ஸ்ட் ரவுண்டு உங்களுக்குத்தான்.”

முதல் கலம் முட்டுக்காட்டு உப்பங்கழியில் இறங்கிய அன்று தபீதாள் காய்ச்சலில் கிடந்தார். அடுத்தடுத்த கலங்கள் லாரியேறி வெளிமாநிலங்களுக்குச் சென்றன. ஜாய்சன் கலம் கட்டிய தகரக் கொட்டகை, வண்டலூரில் தொழிற்சாலையாக வளர்ந்தது. அதன் தையல் பிரிவுக்குத் தபீதாளே தலைமையேற்றார். ஆனாலும் பேருந்து முட்டுக்காட்டுப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் சன்னலோரம் நகர்ந்து, தாம் தைத்த விளிம்பு உப்பி எழுந்து அந்த நீரின் மேல் தம்மைச் சுமந்து செல்வதாக எண்ணிப் பார்ப்பார்.

பணி ஓய்வு நாளில் ஜாய்சன் அவருக்குச் சால்வை போர்த்தினார்.

“உங்களுக்கு என்ன வேணும், கேளுங்கக்கா.”

அந்த முகத்தில் பழைய வாக்கின் நினைவு துளியும் இல்லை. நினைவூட்டிப் பெற்றால் அது வேறு சவாரியாகிவிடும் என்று தபீதாளுக்குத் தோன்றியது.

“புதுசா வந்த நூல் சரியில்ல சார், மாத்திடுங்க,” என்றார்.

அந்தச் சவாரியை அவர் கடைசிவரை கேட்கவேயில்லை.