விலாக்கறி வறுத்த ஞாயிற்றுக்கிழமை

செம்மறிக் குட்டியின் கொழுப்பு இரும்புச் சட்டியில் உருகத் தொடங்கும்போது முதலில் ஒரு பச்சை வீச்சம் கிளம்பும். கொஞ்ச நேரம் போனால் அதே வீச்சத்துக்குள்ளிருந்து, மிளகும் சோம்பும் கருகலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கிற ஓரத்தில், இன்னொரு மணம் மெல்ல எழுந்துவந்து மூக்கின் அடியில் உட்கார்ந்துகொள்ளும். பாவாடையில் ஏறும், சடையில் ஏறும், திங்கட்கிழமை பள்ளிக்கூட பெஞ்சு வரைக்கும் கூடவே வரும். அந்த மணத்தை இப்போது எங்கே முகர்ந்தாலும் எனக்குப் பசி எடுப்பதில்லை, தூக்கம்தான் வருகிறது. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

எண்பதுகளின் கடைசி. எம்.ரெட்டியபட்டியைத் தாண்டி, திருச்சுழிக்குப் போகிற பஸ்ஸு நின்றும் நிற்காமலும் ஓடுகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிக் கிடந்தது எங்கள் ஊர். மழைக்காக மானத்தைப் பார்த்து விதைத்து, மானத்தைப் பார்த்தே அறுக்கிற காடு. பருத்தி, கம்பு, கொஞ்சம் மல்லி. பருத்தி எடுத்து முடிந்ததும் செடியைப் பிடுங்கிக் கட்டுக்கட்டாகக் கொல்லையில் சாத்திவைப்பார்கள். அந்தப் 'பருத்திமார்'தான் எங்களுக்கு விறகு. சடசடவென்று பிடிக்கும், சட்டியைத் தூக்கி எறிந்துவிடும்போல எரியும், திரும்பிப் பார்ப்பதற்குள் சாம்பலாகிவிடும். அடுப்பை விட்டு எழுந்திருக்கவே முடியாது, ஒரு கையால் கிண்டிக்கொண்டு மறு கையால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்கள் நடக்கும்போதுகூட ஒரு தோள் சற்று முன்னால் சாய்ந்திருக்கும், எங்கேயோ ஓர் அடுப்பைத் தள்ளிக்கொண்டிருப்பதுபோல.

என் அக்கா சரசுவைப் பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற குடும்பத்தில் கொடுத்திருந்தது. கூட்டுக் குடும்பம். மச்சானுடைய அக்கா, அண்ணன்மார், அவர்கள் பிள்ளைகள், கல்யாணமாகாத தம்பிமார், கடையில் வேலை பார்க்கிற ஆட்கள், எல்லோருக்கும் ஒரே உலை. கடைக்காரர்கள் ஒரு நேரத்தில் சாப்பிட மாட்டார்கள். ஒருத்தர் எழுந்துபோய் கல்லாவில் உட்கார்ந்தால்தான் இன்னொருத்தர் இலைக்கு வருவார். காலைச் சாப்பாடு முடிகிற இடத்தில் மத்தியானச் சாப்பாடு தொடங்கிவிடும். அந்த வீட்டுக்கு அக்கா கடைசி மருமகளாகப் போனாள், அடுப்பும் அவள் பக்கமாகவே நகர்ந்து வந்துவிட்டது.

ஒரு நாள் முன்பொழுதில் டவுன் பஸ்ஸில் ஏறி, அருப்புக்கோட்டையில் மாறி, ரோட்டிலிருந்து நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். கையில் மாற்றுச் சேலைகூட இல்லை. அம்மா பதறிப்போய் அவள் கன்னத்தையும் கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அடிச்சாகளா?"

"இல்லம்மா."

"வஞ்சாகளா?"

"இல்ல."

"பெறகு என்னடி, சொல்லித் தொலை."

"தூக்கம் வருதும்மா. ஒரு பாய் குடு."

அடித்திருந்தால் அது ஒரு வழக்கு. நகையைக் கேட்டிருந்தால் ஊரைக் கூட்டிப் பேசலாம். களைத்துப்போய் வந்த பெண்ணை எந்தப் பஞ்சாயத்தில் கொண்டுபோய் நிறுத்துவது? அய்யா கம்பந்தட்டையை அடுக்கிக்கொண்டே, நல்ல எடம், சோத்துக்குக் குறைவில்லாத எடம், அங்கே போயும் ஒரு பிள்ளைக்கு அலுக்குமா என்று காளைமாட்டிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவும் சும்மா கிடக்கவில்லை. பாயில் தலை சாய்க்கிற நேரத்தில் யாராவது பார்க்க வந்துவிடுவார்கள். எழுந்து காப்பி போடுவாள். அம்மாவே, ஊர் வாய்க்குப் பயந்து, "எந்திரிச்சு நடமாடுடி, சீக்குப் புடிச்சவன்னு சொல்லிருவாக" என்று எழுப்பி விடுவாள்.

அதற்குள் பாளையம்பட்டியிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை மருமகன் வாராக, கூட அவுக அக்காவும் வாராக என்று. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. கோபித்துக்கொண்டு வந்த பெண்ணை அழைக்க வருகிற மருமகன், அந்த வீட்டில் கறிச்சோறு தின்றுவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று அர்த்தம். பிறகு யாரும் எதுவும் பேசக் கூடாது. பொழுது சாய்வதற்குள் பெண் அவர் பின்னால் போய் பஸ் ஏறிவிட வேண்டும். கறியும் அவள் கையால் ஆக்கிப் பரிமாறியதாக இருக்க வேண்டும். அந்தக் கறியில் ஒரு கடி. அக்காவுக்கும் அந்த அடுப்புக்கும் நடுவில் அவ்வளவுதான் மிச்சம் இருந்தது.

மச்சானுக்குப் பிடித்தது 'சாப்ஸ்'. கடைச் சரக்கு எடுக்க மதுரைக்குப் போகும்போது ஓட்டலில் தின்று பழகியது. எங்கள் வீட்டில் விலா எலும்பைப் பொடிப்பொடியாக வெட்டிக் குழம்பில் போட்டுத்தான் பழக்கம், நீளமாக விட்டு வறுத்ததில்லை. ஊரில் குட்டி அடித்துக் கூறு போட்ட இடத்தில் அய்யா, எனக்கு விலா மட்டும் போதும், வெட்டாமல் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். "மருமகனுக்கு விலாவாம், நம்மளுக்கெல்லாம் கொளம்பாம்" என்று கேலி பேசியிருக்கிறார்கள். தூக்குச் சட்டிக்கு வெளியே எலும்புகள் விரல்போல நீட்டிக்கொண்டிருக்க, தெரு வழியாக அவர் அதைக் கொண்டுவந்ததில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அக்கா எலும்போடு ஒட்டிய சதையை அம்மிக் குழவியால் தட்டித் தட்டிப் பரத்தினாள். மஞ்சளும் உப்பும் இஞ்சியும் போட்டு வேகவைத்தாள். நான் அடுப்பில் பருத்திமார் தள்ளினேன். செம்மறி அவ்வளவு லேசில் வேகாது. வேக வேக அடுப்படிக்குள் புகை கட்டி, அக்காவின் தலை முன்னால் சரிவதும் நிமிர்வதுமாக இருந்தது. மிளகு, சீரகம், சோம்பு, பூண்டு, சின்ன வெங்காயம் எல்லாம் அம்மியில் விழுதாகி, இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்து புகைந்தபோது அவள் கண்கள் திறந்துதான் இருந்தன, ஆனால் விழித்திருந்தாள் என்று சொல்ல மாட்டேன். தண்ணீரை வடிக்காமல் விலாக்கறியை அப்படியே அள்ளிச் சட்டியில் போட்டுவிட்டாள். எண்ணெய் சீறித் தெறித்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், கழுத்தில், தாடையோரத்தில். அவள் கத்தவில்லை, கையை உதறவும் இல்லை. நான் ஓடிப்போய் இட்லி மாவை அள்ளிவந்து தடவினேன். கொஞ்ச நேரத்தில் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடியும் கறியைப் புரட்டிப் போட்டாள். அம்மா வாசற்படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உச்சிப்பொழுதில் வந்தார்கள். மச்சான் மெலிந்திருந்தார். அவருடைய அக்காவைச் சரசு 'மதினி' என்று கூப்பிடுவாள். அந்த வீட்டின் சாவிக்கொத்து அந்த அம்மாள் இடுப்பில்தான் இருந்தது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சாமிக்குப் பயந்தவர், வீட்டில் கைப்பிள்ளையாகப் பேரனை வைத்திருந்தவர். போன கோடையில் அவர்கள் தெருவில் அம்மை போட்டு ஒரு வீட்டில் பிள்ளை போய்விட்டதிலிருந்து, கொசு கடித்த தடத்தைக்கூட இரண்டு தடவை பார்ப்பாராம்.

டவுனிலிருந்து வரவழைத்த வாழை இலையில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, அக்கா விலாக்கறியை எடுத்துவைத்தாள். கறுத்து, ஓரம் முறுகி, எண்ணெய் மினுங்கிக்கொண்டு அது கிடந்த அழகை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். மச்சான் எலும்பைப் பிடித்துச் சதையைப் பிய்த்துவிட்டார். அக்கா குனிந்து மதினியின் இலைக்குப் பரிமாறினாள். முற்றத்து வெளிச்சம் நேராக அவள் கையில் விழுந்தது. எண்ணெய் பட்ட இடமெல்லாம் நீர் கோத்து முத்து முத்தாக எழும்பியிருந்தது. மதினி அந்தக் கையைப் பிடித்தார். அடுப்பில் வெந்த கை, சுடத்தானே செய்யும். தாடையைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார்.

"தம்பி, கைய எடு. ஆத்தா வந்திருக்கா."

மச்சானின் கை வாய்க்கு அருகில் அப்படியே நின்றது. பிறகு கறியை இலையில் வைத்துவிட்டார். அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா கையில் ரசச் செம்போடு நின்றாள். ஒரு சொல் போதும், அது எண்ணெய் தெறித்தது என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். சாயங்கால பஸ்ஸுக்கு அக்கா போயிருப்பாள். அம்மா செம்பைக் கீழே வைத்தாள்.

"நீ பேசாத. உள்ள போயிப் படு" என்றாள் அக்காவிடம்.

பின்வாசலுக்குப் போய் வேப்பங்கொத்தை ஒடித்துவந்து நிலையில் செருகினாள். அம்மை கண்ட வீட்டில் விடைபெறக் கூடாது என்பதால் வந்தவர்கள் வாய் திறக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். மச்சான் தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

நான் பாத்திரம் துலக்குகிற கல்லடியில் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். அம்மா, அது எண்ணெய்தானே என்றேன்.

"தெரியும்டி." ரசச் செம்பைத் தேய்த்துக் கவிழ்த்தாள். "ஆத்தா பொறுத்துக்கிருவா. இந்த மனுசங்கதான் பொறுக்க மாட்டாக."

அம்மை வீட்டில் கறி இருக்கக் கூடாது. நாய்க்குப் போட்டுவிட்டு வாருங்கள் என்று அய்யாவிடம் சட்டியைக் கொடுத்து அனுப்பினாள். கருவேலங்காட்டுப் பக்கம் போனவர் பொழுது இறங்கித்தான் திரும்பினார், மீசையைத் துடைத்துக்கொண்டு. இவ்வளவு நேரமா என்று அம்மா கேட்டாள். "நாயி மெதுவாத் தின்னுச்சு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். அதற்குப் பிறகு அவரும் அம்மை பற்றி எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

அக்கா தூங்கினாள். வெள்ளை வேட்டியை விரித்து, வேப்பிலை பரப்பி, அதன் மேல் தூங்கினாள். காய்ந்த கண்மாய் தண்ணீர் குடிப்பதுபோலத் தூங்கினாள். நடுவில் எழுந்து பச்சை வெங்காயத்தோடு கம்மங்கூழ் குடிப்பாள், இளநீர் குடிப்பாள், எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவள்போலச் சுவரைப் பார்ப்பாள், மறுபடியும் சரிந்துகொள்வாள். தெருவே அடங்கி நடந்தது. எங்கள் வாசலில் நின்று யாரும் சத்தமாகப் பேசவில்லை. அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. சோறு கேட்கவில்லை, காரணம் கேட்கவில்லை. படுத்திருக்கிற பெண்ணைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

தூங்காதவள் அம்மாதான். தினமும் விடியலில் என்னை முற்றத்துக்கு இழுத்துவந்து, சட்டையைத் தூக்கி, முதுகையும் வயிற்றையும் விரலால் தடவித் தடவிப் பார்ப்பாள். சும்மா இருந்த தெய்வத்தின் பேரைச் சொல்லிவிட்டோமே, நிசமாகவே வந்து சின்னவள் மேல் இறங்கிவிடுமோ என்கிற பயம். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் சட்டையை இறக்கிவிட்டு, மாரியம்மன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்து ஏதோ முணுமுணுப்பாள். மன்னிப்புக் கேட்கிறாளா, பேரம் பேசுகிறாளா, எனக்குத் தெரியாது.

எனக்கு அம்மை போடவில்லை. அம்மை இறங்கியதென்று அக்காவுக்கு முறைப்படி தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய மறுநாள் மச்சான் தனியாக வந்தார். அம்மா கறி எடுக்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. கூழைக் குடித்துவிட்டு அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தழும்பே இல்லையே அத்தே."

"ஆத்தா கருணை" என்றாள் அம்மா.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கடைக்குப் பின்னால ஒரு ரூம்பு சும்மாக் கெடக்கு. அங்க தனியா அடுப்புப் போட்டுக்கிறோம்." அவருக்குத் தெரிந்திருந்ததா, அக்கா இல்லாத அந்த நாட்களில் வீட்டின் உலையைப் பார்த்துப் புரிந்துகொண்டாரா, யாரும் கேட்கவில்லை. அக்கா முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு, தானாகவே நடந்துபோய் பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் விலாக்கறி வறுக்கவில்லை. அம்மா வருசா வருசம் மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுத்தாள், முட்டி ஒத்துழைத்த வரைக்கும். என்ன வேண்டுதல் என்று அய்யா ஒரு தடவை கேட்டதற்கு, அது எனக்கும் ஆத்தாவுக்கும் உள்ளது என்று முடித்துவிட்டாள்.

இப்போது அம்மா இல்லை, அய்யா இல்லை. பருத்தி போட்ட காட்டில் சீமைக்கருவேலம் நிற்கிறது. நான் அருப்புக்கோட்டையில் கேஸ் அடுப்பில், குக்கரில் சாப்ஸ் செய்கிறேன். மிஷினில் ஒரே அளவாக அறுத்துக் கொடுக்கிறார்கள், மசாலாவும் பாக்கெட்டில் கிடைக்கிறது. கொப்புளத்தோடு போனால் டாக்டர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார், எண்ணெய் பட்டது, மருந்து போட்டுக்கொண்டு வேலையைப் பாருங்கள் என்று. நல்லதுதான். பிள்ளைகள் சாகிற நோய்க்கு யாரும் ஏங்க முடியாது. ஆனால் கும்பிட்டுவிட்டு விலகிப்போய், ஒரு பெண்ணைக் கேள்வி கேட்காமல் படுக்க விட்டார்களே, அந்த நாட்களும் அதோடு சேர்ந்து போய்விட்டன.

தனி அடுப்பு என்பதும் அடுப்புத்தானே. அக்காவுக்கு மகன்கள், மருமகள்கள், பேரப் பிள்ளைகள் என்று உலை மறுபடியும் பெருத்துவிட்டது. மத்தியானத்தில் சில நாள் போன் செய்வாள். இப்பத்தான் படுத்தேன், உன் நெனப்பு வந்துச்சு என்பாள். நான் பேசத் தொடங்குவேன். அந்தப் பக்கம் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்கும். "வாரேன்" என்பாள், என்னிடம் இல்லை. கட்டில் கிறீச்சிடும், போன் அணைவதற்கு முன்னால் அவள் நடக்கத் தொடங்கியிருப்பாள்.