தண்ணீர் வற்றக் காத்திருந்த வேதாசலம்

"மாமா, அப்பா பூட்டாரு" என்று வேதாசலத்தின் மகள் போனில் அழுதபோது, நான் முதலில் பார்த்தது ஓடையைத்தான். முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. போயும் போயும் இந்த நேரத்திலா போக வேண்டும்? எனக்குக் கோபம்தான் வந்தது.

அவனை அறிந்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இறந்தவரை 'அவர்' என்று எழுத வேண்டுமாம். அப்படி எழுதினால் வேறு யாரோ போலிருக்கிறது.

திருப்புட்குழிக்குப் பக்கத்தில், மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஒரு சின்ன ஓடை. அந்தக் கரையில் அவன் கேழ்வரகு, இந்தக் கரையில் என் கேழ்வரகு. வருவதே கொஞ்சம் தண்ணீர். என் வயலுக்குப் பாயும் மடையை அவன் அடைப்பான், அவனுடையதை நான் அடைப்பேன். ஒருமுறை என் சட்டை அவன் கையிலும் அவன் துண்டு என் கையிலும் இருந்தபோது, அவனே ஒரு சட்டம் போட்டான்: "தண்ணி ஓடறப்போ பேசினா வாய் தவறிடும் மச்சான். வத்தட்டும், பேசிக்கலாம்."

அன்று முதல், ஓடை ஓடினால் நாங்கள் அந்நியர்கள். சொல்லியே ஆக வேண்டியதை ஓடையிடம் சொல்வோம். "ஏம்மா, அடுத்தவன் மடைய அடைக்கிறவன் நல்லா இருப்பானா?" என்று நான் கத்துவேன். "ஏம்மா, கத்தறவனுக்குத் தொண்டை கட்டிக்கப் போவுது, சுக்குத் தண்ணி குடிக்கச் சொல்லு" என்று எதிர்க்கரையிலிருந்து பதில் வரும். மணல் தெரிந்ததும் ஒரே வண்டியில் பெரிய காஞ்சிபுரம் போய் டீ குடிப்போம்.

மகள் கல்யாணத்தைக் கார்த்திகையில் வைத்தான். ஓடை வந்துவிட்டது. ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று சம்பந்தியிடம் சொல்லி, மாசிக்குத் தள்ளிவிட்டான். "நீ இல்லாம பந்தியில யாரு சாம்பாரைக் கொறை சொல்றது?" என்றான் அப்புறம்.

இந்த முறை நாலைந்து நாளாக அவனைக் கரையில் காணோம். ஏதோ புதுத் தந்திரம் என்று உஷாராக மடையைக் காத்துக்கொண்டிருந்தேன்.

சட்டப்படி, தண்ணீர் வற்றும்வரை நான் அவன் வாசலை மிதிக்கக் கூடாது. சட்டம் போட்டவனே போய்விட்டான், யாரைக் கேட்பது? வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். "ஏம்மா, நான் வர்றேன்னு அவன்கிட்ட சொல்லு" என்றேன். அவன் கரையில் ஏறினேன்.

அவன் மனைவி என்னைப் பார்த்ததும் உடைந்துபோனாள். "ஜுரத்துல 'தண்ணி வத்திடுச்சா, வத்திடுச்சா'ன்னு கேட்டுக்கினே இருந்தாருண்ணா. பயிருக்குக் கவலைப்படறாருன்னு, 'நல்லா ஓடுதுய்யா, படு'ன்னு நானும் சொல்லிக்கினே இருந்தேன்."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இப்போது என் மடையை நானே அடைத்து வைத்திருக்கிறேன். அவன் வேலையை யாராவது செய்ய வேண்டுமல்லவா? "கேவுரு காயுதுய்யா, உனக்கென்ன பைத்தியமா?" என்கிறாள் என் மனைவி.

"தண்ணி வத்தட்டும், பேசிக்கலாம்" என்கிறேன்.