கொட்டகையில் ஒரு காவல்

மரக்காணம் உப்பளத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம். வேலைக்கு இறங்குமுன் எல்லாருடைய தூக்குவாளியும் தண்ணி கேனும் ஒரே கொட்டகையில் வைப்போம். தாகம் எடுத்தவள் கைக்கு எட்டிய கேனை எடுத்துக் குடிப்பாள். அந்த வெயிலில் உன்னது என்னது என்று பார்த்தால் ஒருத்தியும் தேறமாட்டாள்.

ஒரு நாயைக் கீழ்புத்துப்பட்டு டீக்கடை வாசலிலிருந்து தூக்கிவந்தேன். முதுகில் யாரோ வெந்நீர் ஊற்றிய தழும்பு. கட்டையில போறவன், கை எப்படித்தான் வந்ததோ! வீட்டில் தனியாக விட்டால் ஊளையிட்டு ஊரைக் கூட்டியது, அதனால் உப்பளத்துக்கே கூட்டிப்போனேன்.

கொஞ்ச நாளிலேயே அது என் வாளியை ஒட்டிப் படுத்துக்கொண்டு, கிட்டே வந்தவர்களைப் பார்த்து உறுமத் தொடங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்காக அதுவரை யார் உறுமியிருக்கிறார்கள்? உறுமும்போதெல்லாம் ஒரு கை சோறு போட்டேன்.

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாருகிறவள் எனக்குத் தங்கை மாதிரி. "உன் வூட்டுக்காரரைவிட இது உசாரா இருக்குதுக்கா" என்று கேலி செய்வாள். ஒரு மதியம் அவளுக்குத் தலை சுற்றியிருக்கிறது. கொட்டகைக்கு வந்து என் கேனில் கை வைத்தாள். நாய் பாய்ந்து சேலையைப் பிடித்து இழுத்தது. விழுந்தாள். உப்பில் வெடித்துப்போன உள்ளங்கை கல்லில் தேய்ந்து ரத்தம் வந்தது.

ஓடிப்போன நான் கட்டிப்பிடித்தது நாயை. "பயந்துடுச்சுடி, பாவம்" என்றேன். அவள் தரையில் கிடந்தாள். சீ, என் வாயும் ஒரு வாயா!

மாட்டு டாக்டர்தான் விவரம் சொன்னார். "உறுமும்போது சோறு போட்டா உறுமத்தாம்மா செய்யும். கட்டிப் போடு. அந்தப் பொண்ணு தள்ளி நின்னு அவ கையாலயே தின்ன போடட்டும். அது சும்மா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வரட்டும்."

அவளிடம் போய்க் கேட்கவே கூசியது. கேட்டேன். முகத்தைத் திருப்பாமல் வந்தாள். தினமும் எட்ட நின்று பிஸ்கட் போட்டாள். முதலில் பல்லைக் காட்டிய நாய், பிறகு அவள் வரும் வரப்பைப் பார்த்தே வாலாட்டியது.

போன வாரம் அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டது. எனக்குக் கண் கலங்கியது. என் கேனைத் திறந்து நீட்டினேன்.

"குடிடி."

"வேணாங்கா, எங்கிட்ட இருக்குது" என்று பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் குடித்தாள்.