பச்சைமுத்துவின் ரப்பர் மோதிரங்கள்

வலது கையைக் கடைப் பலகையின்மேல் விரித்து வைத்து, மோதிர விரலை மட்டும் தூக்கி ஆட்டுகிறார் பச்சைமுத்து. "பையா, இந்த சைஸ்ல நாலு. ஜல்தி."

அந்த விரலில் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று மோதிரம் போல் பதிந்திருக்கிறது. டில்லி காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளுக்கு வருகிறவர்கள் அளவைச் சீட்டில் எழுதி எடுத்து வருவார்கள். பச்சைமுத்து விரலில் மாட்டி வருவார். சுண்டு விரலில் இருப்பது டீசல் குழாயின் வளையம். நடுவிரலில் வடிகட்டியுடையது. கட்டை விரலில் ஆயில் டாங்கி மூடியுடையது. கடைக்காரர் பல்ராஜ், "வந்துட்டார் மதராஸ் மகாராஜா!" என்று இந்தியில் பக்கத்துக் கடைக்கும் கேட்கிற மாதிரி கூவுவார். பச்சைமுத்துவுக்கு அதில் வருத்தமே கிடையாது. "மகாராஜாவுக்குத் தங்கம், நமக்கு ரப்பரு. அவ்ளோதான் வித்தியாசம்" என்பார்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. டில்லிக்கு வந்து எட்டு வருஷம் தேலா தள்ளினார்; தள்ளுவண்டிக்கு இங்கே அதுதான் பேர். தோட்டங்களுக்கு மண்ணும் எருவும் கொண்டுபோய்ப் போடுகிற காண்ட்ராக்டர் ராமமூர்த்தி, ஆசிய விளையாட்டுகள் முடிந்த கையோடு ஓர் ஏலத்தில் ஜப்பான் டிராக்டர் ஒன்றை எடுத்தார். எருமைக் கன்றைவிடச் சற்றே பெரியது. சந்துக்குள் புகும், பங்களா கேட்டுக்குள் நுழையும், பின்னால் பூட்டிய டிரெய்லரைத் தானே தூக்கி மண்ணைக் கொட்டும். அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் பச்சைமுத்துவை உட்கார வைத்தார். அன்று முதல் பச்சைமுத்து நடக்கும்போதுகூட உட்கார்ந்திருப்பது போலத்தான் நடக்கிறார் என்று அவர் மனைவி பவுனு சொல்லுவாள்.

டிரெய்லரைத் தூக்கும் எண்ணெய் டிராக்டரிலிருந்து ஒரு தடித்த ரப்பர்க் குழாய் வழியாகப் போகிறது. குழாயின் முனையை டிராக்டரின் பின்புறமுள்ள வாயில் சொருகினால் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும், ஸ்பானர் தேவையில்லை. இந்த இணைப்புக்குக் கப்ளர் என்று பேர். பச்சைமுத்துவுக்குக் குழாய் முனை 'மாப்பிள்ளை', டிராக்டரின் வாய் 'பொண்ணு வீடு'. வெயிலில் கிடந்த குழாயில் அழுத்தம் ஏறிவிட்டால் முனை உள்ளே போகாமல் அடம்பிடிக்கும். கூலியாட்கள் சுத்தியலைத் தேடுவார்கள். "கைய வைக்காதீங்கடா, மாப்பிள்ளை முறுக்கா இருக்காரு" என்று விலக்கிவிட்டு, முனையை ஒரு மரக்கட்டையில் வைத்து அழுத்துவார். துளி எண்ணெய் கக்கியதும் முனை சாதுவாகிவிடும். "காபி குடுத்தாச்சு. இப்ப வருவாரு பாரு." வரத்தான் செய்வார்.

சொருகுமுன் இரண்டு பக்கத்தையும் பவுனுவின் பழைய வாயில் புடவைத் துணியால் துடைப்பார். வேறு துணி ஆகாது, நூல் விடும். வேலை முடிந்ததும் குழாய் முனைக்கு இருமல் மருந்துப் பாட்டிலின் மூடியைக் கவிழ்ப்பார். டில்லிப் புழுதிக்கு அவ்வளவு பயம். எண்ணெய் ஒழுகுகிறது என்று அவர் வாயிலிருந்து வராது. "கப்ளர் அழுவுது" என்பார், தொட்டில் பிள்ளையைச் சொல்வது போல.

அந்த வருஷம் அக்டோபரில் அது அழத் தொடங்கியது. அழுத இடம் வேதாந்தத்தின் புல்தரை.

வேதாந்தம் சரோஜினி நகரில் குடியிருக்கும் மத்திய சர்க்கார் அதிகாரி. அந்தக் காலனியின் தோட்டச் சங்கத்துக்குக் காரியதரிசி. அவர் சொன்னால்தான் அந்த வரிசை முழுவதும் ராமமூர்த்தியிடம் மண் வாங்கும். அவர் புல்லில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் சொட்டி, புல் கருகிவிட்டது. அந்த இடத்தைச் சுற்றி அவர் நாலு செங்கல் வைத்தார். வருகிறவர்களைக் காபி கொடுக்குமுன் அங்கே அழைத்துப் போனார்.

"பாருங்கோ, இந்த இடத்துல இனிமே ஒரு புல் முளைக்காது."

"அவருக்கு வீட்டோட ஒரு ஸ்தலம் கிடைச்சுடுத்து. பிரதட்சிணம்தான் பாக்கி" என்றாள் அவர் மனைவி வத்சலா.

அந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள் பவுனு. "என் பேரு போச்சுய்யா. எண்ணெய்க்காரன் பொண்டாட்டின்றாங்க" என்று வீட்டுக்கு வந்து புருஷனிடம் முறையிட்டாள்.

ராமமூர்த்தி சிரிக்கவில்லை. "பத்து நாள்ல அவர் வீட்டுக்கு ரோஜாப் பாத்திக்கு மண்ணு போடணும் பச்சைமுத்து. அன்னிக்கு ஒரு சொட்டு விழுந்தாலும் வண்டிய ஃபரீதாபாத்காரனுக்குத் தள்ளி விட்டுருவேன். நீ மறுபடி தேலாதான்."

பச்சைமுத்து அசரவில்லை. கப்ளரின் வாய்க்குள் ஒரு வளையம் இருக்கிறது. அது தேய்ந்தால் கசியும். புதிது போட்டால் தீர்ந்தது. கோடையில் ஒருமுறை அதை மாற்றியபோது, கழற்றிய பழையதை மோதிர விரலில் மாட்டியிருந்தார், எப்போதும் மாதிரிக்கு இருக்கட்டும் என்று. அதைக் காட்டிப் புதிது வாங்கிவந்து போட்டார். அழுதது. கழற்றிப் பார்த்தால் வளையத்தின் ஓரத்தில் எலி கடித்தது போல ஒரு வெட்டு. இன்னொன்று போட்டார். அதிலும் அதே வெட்டு. மூன்றாவதிலும்.

பல்ராஜின் ரப்பர் மட்டம் என்றார். ஜப்பான்காரன் மட்டம் என்றார். யமுனையிலிருந்து வரும் காற்று சரியில்லை என்றார். ராமமூர்த்தி கொடுத்த கெடுவில் இரண்டு நாள் மிச்சம் இருந்தபோது, குறை சொல்ல வேறு ஆள் கிடைக்காமல் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

கருவாட்டுக் குழம்பு. இரண்டாம் கவளத்தில் எதையோ வெகுநேரம் மென்றார்.

"இன்னாய்யா மெல்ற?" என்றாள் பவுனு.

"கத்திரிக்கா காம்பு. வேவல."

"நான் கத்திரிக்காயே போடலியே."

துப்பிப் பார்த்தார். மோதிர விரலில் இருக்கவேண்டிய வளையம் உள்ளங்கையில் கிடந்தது.

பவுனு தலையில் அடித்துக்கொண்டாள். "நாலு வூட்டுல எச்சித் தட்டு கழுவறேன். ஒருத்தன் தட்டுலயும் ரப்பரு வரல." பிறகு, வளையத்தை வாங்கிக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "ஏய்யா, இத மாட்டுன அன்னிக்கு சோப்பு போட்டாக்கூட கழட்ட முடியலன்னியே? இப்ப தானா வுழுவுது. உன் வெரலு எளச்சுப்போச்சா, இது பெருத்துப்போச்சா?"

பச்சைமுத்து விரலைப் பார்த்தார். அது இளைக்கவில்லை. கோடை முழுவதும் அந்தத் தடித்த விரலின்மேல் இழுபட்டு, வியர்வையிலும் எண்ணெயிலும் ஊறி, வளையம்தான் வளர்ந்திருந்தது. மூடிக்கும் வடிகட்டிக்கும் வளையம் இம்மி பெரிசாக இருந்தால் இறுக்கிவிட்டுப் போகலாம். கப்ளர் விடாது. பெரிய வளையம் பள்ளத்தில் அடங்காமல் நெளியும். மாப்பிள்ளை உள்ளே வரும்போது நெளிந்த இடத்தைக் கடித்துவிடுவார்.

"அடி பவுனு, நான் கப்ளருக்கு வாங்கல. என் வெரலுக்கு வாங்கிருக்கேன்!"

"வாங்குனதுதான் வாங்குன, எனக்கும் ஒண்ணு வாங்குறதுக்கென்ன?"

மறுநாள் காலையில் அவர் கப்ளரின் வாயை முழுசாகக் கழற்றிப் புடவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். அனுபவமில்லாதவன்தான் சாமானையே கடைக்குத் தூக்கி வருவான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர். பல்ராஜ் மூட்டையையும் பார்த்தார், வெறும் விரல்களையும் பார்த்தார்.

"க்யா ஹுவா மகாராஜ்? நகையெல்லாம் அடகுக்குப் போச்சா?"

"விரல் பொய் சொல்லுது பையா. நீயே அளந்து குடு" என்று மூட்டையை அவிழ்த்தார் பச்சைமுத்து. பல்ராஜ் சிரித்து முடிக்க ஒரு கிளாஸ் தேநீர் ஆறிற்று. அதன்பின் இருவருமாகப் பலகையிலேயே ஒவ்வொரு வளையமாக உள்ளே வைத்துப் பார்த்து, பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்ததை எடுத்தார்கள். விரல் சொன்ன அளவைவிட இரண்டு அளவு குறைவு.

அன்று மாலையே டிராக்டரில் பொருத்தினார். கூரான எதையும் உள்ளே விடவில்லை. பள்ளத்தைத் துடைத்து, புது வளையத்தில் எண்ணெய் தடவி, அவரைக்கொட்டை போல மடித்து உள்ளே விட்டு, விரல் நுனியால் சுற்றிலும் நீவி உட்கார வைத்தார். மாப்பிள்ளை சத்தமில்லாமல் வந்து பூட்டிக்கொண்டார்.

ரோஜாப் பாத்திக்கு மண் போடும் நாள் வந்தது. பச்சைமுத்து காக்கியை விட்டுவிட்டு, பவுனு நீலம் போட்டு வெளுத்த வெள்ளைச் சட்டையில் வந்தார். வேதாந்தம் பழைய பத்திரிகைக் கட்டோடு புல்தரையில் காத்திருந்தார். ராமமூர்த்தி கேட்டருகிலேயே நின்றுவிட்டார். பவுனு பாத்திரத்தைத் தேய்க்காமல் கையில் பிடித்தபடி கொல்லைப்புறத்திலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"வண்டிக்கு அடியில பேப்பர் போடறேன். விழற சொட்டு அதுல விழட்டும்" என்றார் வேதாந்தம்.

"பேப்பர்ல அச்சு மை இருக்குங்கய்யா. எது மை, எது எண்ணெய்ன்னு அப்புறம் நமக்குள்ள தகராறு வரும்" என்றார் பச்சைமுத்து.

நவம்பர்க் காற்றில் சட்டையைக் கழற்றினார். உதறி, சட்டைக் கைகளை நீட்டிவிட்டு, கப்ளருக்கு நேர் கீழே புல்லின்மேல் விரித்தார். பனியனோடு ஏறி உட்கார்ந்து நெம்புகோலைத் தள்ளினார். குழாய் விறைத்தது. டிரெய்லர் முனகிக்கொண்டு எழுந்தது. மண் சரிந்து பாத்தியில் கொட்டியது. கொட்டி முடிந்த பிறகும் அவர் டிரெய்லரை இறக்கவில்லை. வேதாந்தம் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வரும்வரை, வத்சலா "இன்னும் எத்தனை நாழி?" என்று கேட்கும்வரை, அப்படியே நிறுத்தி வைத்தார். பிறகுதான் இறக்கினார்.

இறங்கி வந்தார். கப்ளரைத் திரும்பியும் பார்க்கவில்லை. சட்டையை எடுத்து, முன்பக்கத்தை வேதாந்தத்துக்கும் பின்பக்கத்தை ராமமூர்த்திக்கும் காட்டினார். பிறகு அதைப் போட்டுக்கொண்டு, அங்கேயே நின்றபடி, எல்லாரும் பார்க்க, கழுத்துப் பொத்தான் வரை ஒவ்வொன்றாக மெல்ல மாட்டினார்.